குழல் ஒரு கோடு, குறி ஒரு கோடு

சியாம்பஜாரிலிருந்து தட்சிணேசுவரம் காளி கோயிலுக்கு இப்போது மெட்ரோவிலேயே போய்விடலாம். 2021ல் அந்த வசதி வந்துவிட்டது. ஆனாலும் ஒரு தடவை பழைய வழக்கப்படி பஸ் ஏறி, பி.டி. ரோடு என்று நாம் சொல்லும் பராக்பூர் டிரங்க் ரோடு வழியாகப் போய்ப் பாருங்கள். சிரியா மோர் பக்கம் சாலையோரமாக ஒரு பழைய செங்கல் கோபுரம் நிற்கிறது. கோயிலும் இல்லை, மசூதியும் இல்லை, மணிக்கூண்டும் இல்லை. அதற்கு ஜோடியாக வடக்கே சுக்சரில் இன்னொரு கோபுரம் இருக்கிறது. 1831-32ல் ஜார்ஜ் எவரெஸ்ட் இந்தச் சாலையை ஒட்டி ஏறக்குறைய ஆறரை மைல் நீளத்துக்கு ஒரு நேர்கோட்டை அளந்தார். அந்தக் கோட்டின் இரு முனைகள்தாம் இந்தக் கோபுரங்கள். சமதரையாக இருக்கும் வங்காளத்தில் மரங்களும் வீடுகளும் பார்வையை மறைக்காமல் இருக்க, கண்ணை உயரத்துக்குக் கொண்டுபோகக் கட்டியவை.

அந்தப் பக்கமே காசிப்பூரில் பீரங்கித் தொழிற்சாலை இருக்கிறது. 1801ல் பீரங்கி வண்டிகள் செய்வதற்காக ஆரம்பித்தது. 1802 மார்ச் 18ல் அங்கே உற்பத்தி தொடங்கியதால்தான் இன்றும் மார்ச் 18ஐ ராணுவத் தளவாடத் தொழிற்சாலைகள் தினமாகக் கொண்டாடுகிறார்கள். இன்னும் வடக்கே போனால் இஷாப்பூர். அங்கே 1787ல் தொடங்கிய வெடிமருந்துத் தொழிற்சாலை இருந்த இடத்தில் 1904 முதல் துப்பாக்கிகள் செய்கிறார்கள். நேர்கோடு பார்க்கும் கோபுரமும் துப்பாக்கி செய்யும் ஆலையும் ஒரே வட்டாரத்தில் அமைந்தது தற்செயல்தான். ஆனால் இரண்டு வேலைக்கும் அடிப்படை ஒன்று. கண் பார்க்கும் கோடும் கருவி காட்டும் கோடும் ஒத்துப்போக வேண்டும்.

இந்தக் கட்டுரை அப்படி ஒத்துப்போகச் செய்வதற்காக இப்போது வந்திருக்கும் ஒரு சின்னக் கருவியைப் பற்றியது. அதற்கு லேசர் போர்சைட் என்று பெயர். ஒரு தோட்டா அளவேதான் இருக்கும். ரிவால்வருக்குள் போட்டால் எதிர்ச் சுவரில் ஒரு சிவப்புப் புள்ளி விழும். அந்தப் புள்ளியைப் பார்த்துக் குறியைச் சரி செய்துகொள்ளலாம் என்பார்கள். எவ்வளவு தூரம் உண்மை என்று பார்ப்போம்.

யாருக்கு இது தேவை?

"நம்மில் யாரிடம் ரிவால்வர் இருக்கப் போகிறது?" என்று வாசகர்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்று பாங்கில் காவலராக இருப்பவர்கள், நகைக்கடை வைத்திருப்பவர்கள், வடக்கே தேயிலைத் தோட்டங்களில் மேனேஜராக இருந்தவர்கள் என்று எண்ணிப் பார்த்தால், லைசென்ஸ் உள்ள ஒரு .32 ரிவால்வர் பீரோவில் இருக்கும் வீடுகள் நமக்குத் தெரிந்தவர்களிலேயே ஒன்றிரண்டு இருக்கும். காசிப்பூர், இஷாப்பூர் ஆலைகளுக்கு ஆவடியிலிருந்தும் திருச்சியிலிருந்தும் மாற்றலாகி வந்துபோன தமிழ்க் குடும்பங்களும் உண்டு. 2021 அக்டோபர் வரை இந்த ஆலைகளுக்கெல்லாம் தலைமை அலுவலகமே கல்கத்தாவில்தான் இருந்தது. போதாததற்கு நம் பிள்ளைகளில் சிலர் ரைபிள் கிளப்புக்குப் போகத் தொடங்கியிருக்கிறார்கள்.

ரிவால்வர் வைத்திருப்பவருக்கு இதில் உள்ள சிக்கல் சின்னதல்ல. தோட்டா விலை அதிகம். ஆண்டுக்கு எத்தனை வாங்கலாம் என்பதையும் லைசென்ஸிலேயே எழுதிவிடுவார்கள். சுட்டுப் பார்த்துக் குறியைச் சரி செய்ய மனம் வருவதில்லை. அந்த இடத்தில் ஒரு லேசர் கருவி கிடைத்தால் "ஒரு தோட்டாகூடச் செலவில்லாமல் காரியம் முடிந்தது" என்று நிம்மதியாகத் தூங்கப் போய்விடலாம். அந்த நிம்மதிதான் ஆபத்து. கல்கத்தா போன்ற நெருக்கமான ஊரில், சந்துக்குச் சந்து ஜனங்கள் நடமாடும் இடத்தில், நினைத்த இடத்தை விட்டு ஒரு சாண் தள்ளிப் போகிற குண்டு யார்மேல் படும் என்று சொல்ல முடியாது.

ஒரு மில்லிமீட்டர் என்ன செய்யும்?

ரிவால்வரின் மேல்பாகத்தைப் பாருங்கள். முன்னால் குழல் முனையில் ஒரு சின்ன முளை இருக்கும். அது முன்குறி. பின்னால் ஒரு பள்ளம் இருக்கும். அது பின்குறி. பள்ளத்தின் நடுவில் முளை தெரிய, இரண்டின் தலையும் சமமாக இருக்கும்படி பிடிப்பதுதான் குறி பார்ப்பது.

கணக்கு எளிது. முன்குறிக்கும் பின்குறிக்கும் இடையே 150 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். இலக்கு 15 மீட்டர் தூரத்தில் இருக்கிறது. 15 மீட்டர் என்பது 150 மில்லிமீட்டரைப் போல நூறு மடங்கு. ஆகவே முன்குறி ஒரு மில்லிமீட்டர் விலகியிருந்தால் குண்டு இலக்கில் 100 மில்லிமீட்டர், அதாவது 10 சென்டிமீட்டர் விலகும். ஒரு நாணயத்தின் கனத்துக்கும் குறைவான பிழை, அங்கே போய் ஒரு கை அகலம் ஆகிவிடுகிறது. நீளமான ரைபிளில் இதே பிழை மிகக் குறைவாகவே தெரியும். ரிவால்வர் குட்டையானது என்பதால்தான் அதற்குக் குறி அமைவது கஷ்டம்.

இந்தியாவில் பரவலாக உள்ள .32 ரிவால்வர் கான்பூரில் அரசுத் தொழிற்சாலையில் தயாராவது. பழைய வெப்லி ரிவால்வரின் அமைப்பைப் பின்பற்றியது. இதில் குறிகளைத் திருகு வைத்துத் திருப்ப முடியாது. முளையும் பள்ளமும் உலோகத்தோடு உலோகமாக நிலையாக அமைந்தவை. போட்டிகளுக்கான துப்பாக்கிகளில் மட்டும் பின்குறியை மேலும் கீழும், இடமும் வலமும் நகர்த்தத் திருகுகள் இருக்கும். இந்த வித்தியாசத்தை நினைவில் வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

குழல் வழியே எட்டிப் பார்ப்பது

குறியைக் குழலோடு ஒத்துப்போக வைப்பது பழைய வேலை. பீரங்கியில் எப்படிச் செய்வார்கள் தெரியுமா? குழலின் வாயில் குறுக்கும் நெடுக்குமாக இரண்டு நூலை ஒட்டுவார்கள். பின்பக்கத் துவாரம் வழியாகப் பார்த்து, அந்த நூல்கள் சந்திக்கும் இடம் தூரத்தில் உள்ள ஒரு மரத்தின்மேலோ கோபுர உச்சியின்மேலோ படும்படி குழலைத் திருப்புவார்கள். பிறகு குழலை அசைக்காமல், குறிக்கருவியையும் அதே உச்சிக்குத் திருப்புவார்கள். ஆவடியில் தயாராகும் டாங்கிகளில் இதே வேலையை நேர்த்தியான கண்ணாடிக் கருவிகள் செய்கின்றன. ஆனால் தத்துவம் அதே நூல்தான்.

ரைபிளிலும் பின்பக்கத்து போல்ட்டைக் கழற்றிவிட்டால் குழல் வழியே எட்டிப் பார்க்கலாம். ரிவால்வரில் அது முடியாது. தோட்டாக்கள் இருக்கும் சுழல் உருளைக்குப் பின்னால் சட்டம் சுவர்போல அடைத்துக்கொண்டு நிற்கிறது. கண்ணை வைக்க இடமே கிடையாது. ஆகவேதான் ரிவால்வருக்கு லேசர் வந்தது உண்மையிலேயே ஒரு வசதி. 1960 மே மாதம் அமெரிக்காவில் தியடோர் மைமன் முதல் லேசரை எரிய வைத்தார். மாணிக்கக் கல்லில் செய்த ஆய்வுக்கூடச் சாமான் அது. இன்று கடிகார பாட்டரியில் எரியும் அளவுக்குச் சிறுத்து, தோட்டாவின் வயிற்றுக்குள்ளேயே புகுந்துவிட்டது.

இதில் இரண்டு வகை. ஒன்று தோட்டா வடிவில் இருப்பது. உருளையின் அறைக்குள் போட வேண்டும். மற்றொன்று கம்பிபோல நீண்டு, குழல் வாயில் செருகுவது. இரண்டிலும் வெளிச்சம் குழலின் நடுக்கோட்டில் போய்ச் சுவரில் புள்ளியாக விழும்.

கருவியை முதலில் சோதியுங்கள்

புள்ளி விழுந்தவுடன் நம்பிவிடலாமா? கூடாது. லேசர் தன் உறைக்குள்ளேயே கோணலாக இருக்கலாம். அப்படியானால் அது குழலைக் காட்டவில்லை, தன் கோணலைத்தான் காட்டுகிறது.

இதைக் கண்டுபிடிக்கும் வித்தை நம் ஊர்க் கடைக்காரர்களுக்குத் தெரிந்ததுதான். தராசு சரியா என்று சந்தேகம் வந்தால் சரக்கையும் படிக்கல்லையும் தட்டு மாற்றி வைத்து நிறுப்பார்கள். இரண்டு தடவையும் முள் ஒரே மாதிரி நின்றால் தராசு யோக்கியம். லேசரிலும் அப்படித்தான். கருவியை அதன் இடத்திலேயே மெல்லச் சுற்றுங்கள். புள்ளி நகராமல் நின்றால் கருவி நேர். புள்ளி சுவரில் ஒரு வட்டம் போட்டால் கருவி கோணல். ஆனாலும் தூக்கி எறிய வேண்டாம். அந்த வட்டத்தின் நடுப்புள்ளிதான் குழலின் உண்மையான திசை. பென்சிலால் நாலு பக்கமும் குறித்து நடுவைக் கண்டுபிடித்துக்கொள்ளலாம்.

நிலம் அளக்கும் தியோடலைட்டிலும் இதே வழிதான். தொலைநோக்கியை ஒரு முகமாக வைத்து ஒரு தடவை, புரட்டி மறுமுகமாக வைத்து ஒரு தடவை பார்த்து, இரண்டுக்கும் நடுவை எடுப்பார்கள். கருவியின் பிழை தன்னைத் தானே கழித்துக்கொள்ளும்.

இந்த இடத்தில் நம்மவர் ஒருவரை நினைக்காமல் போவது தகாது. சையத் மீர் மொஹ்சின் உசேன் ஆற்காட்டுக்காரர். சென்னையில் ஒரு நகைக்கடையில் வேலை செய்துகொண்டிருந்தவர். சர்வேயர் ஜெனரலாக இருந்த வாலண்டைன் பிளாக்கர் அவருடைய கைத்திறனைக் கண்டு கல்கத்தாவுக்கு அழைத்து வந்தார். 1820களின் நடுவில் நடந்தது இது. பிற்பாடு லண்டனிலிருந்து ஹென்றி பாரோ என்ற கருவி நிபுணர் வந்தபோது அவருக்கு உதவியாளராக இருந்தார். பாரோ போன பின், அளவைக் கருவிகளின் நுட்பமான வேலைகளை மொஹ்சின் உசேனை நம்பியே எவரெஸ்ட் ஒப்படைத்தார். 1840களில் சர்வே இலாகாவின் கணிதக் கருவி நிபுணர் என்ற பதவியே அவருக்குக் கிடைத்தது.

அவர் காலத்து ஒரு கருவியின் கதையும் நமக்கு நெருக்கமானது. 1802ல் சென்னை பரங்கிமலைப் பக்கம் முதல் நேர்கோட்டை அளந்து நாடு முழுவதையும் அளக்கும் வேலையைத் தொடங்கிய லாம்டன், அரை டன் எடையுள்ள ஒரு பெரிய தியோடலைட்டை வைத்திருந்தார். 1808ல் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின்மேல் அதை ஏற்றும்போது கயிறு அறுந்து, கருவி கல்லில் மோதி, அதன் வட்டம் கோணிவிட்டது. லாம்டன் வாரக்கணக்கில் உட்கார்ந்து தானே அதைத் தட்டி நிமிர்த்தினார். பல ஆண்டுகளுக்குப் பிறகு அது முழுமையாகப் புதுப்பிக்கப்பட்டது கல்கத்தாவில், பாரோவின் பட்டறையில். பிழைப்புக்காக இந்த ஊருக்கு வந்த தென்னாட்டவர் வரிசையில் நம் எல்லாருக்கும் முன்னோடியான ஒருவர், இரண்டு கோடுகளை ஒத்துப்போக வைப்பதையே தொழிலாகக் கொண்டிருந்தார் என்பது சந்தோஷமான சங்கதி.

ஆறு அறைகள், ஆறு புள்ளிகள்

ரிவால்வருக்கே உரிய சோதனை ஒன்று உண்டு. மற்றத் துப்பாக்கிகளில் குழலும் தோட்டா அறையும் ஒரே துண்டு. ரிவால்வரில் உருளை சுழன்று சுழன்று ஒவ்வொரு அறையாகக் குழலுக்கு நேரே வந்து நிற்கிறது. ஆறு அறைகளும் மயிரிழை பிசகாமல் நிற்கும் என்று சொல்ல முடியாது. தேய்ந்துபோன பழைய ரிவால்வரில் உருளை லேசாக ஆடும்.

ஆகவே தோட்டா வடிவ லேசரை ஒரே அறையில் போட்டுப் பார்த்துவிட்டு முடிக்கக் கூடாது. ஆறு அறைகளிலும் மாற்றி மாற்றிப் போட்டு, ஒவ்வொன்றுக்கும் புள்ளி எங்கே விழுகிறது என்று ஒரே காகிதத்தில் குறிக்க வேண்டும். ஆறும் நெருக்கமாக விழுந்தால் நல்லது. ஒன்று மட்டும் தனியே ஓடினால், அல்லது புள்ளி பாதி மறைந்து பிறைபோலத் தெரிந்தால், அது குறியின் கோளாறு இல்லை. உருளை சரியாக நிற்கவில்லை என்று பொருள். அந்த நிலையில் சுட்டால் ஈயக் குண்டு குழல் வாயிலில் உரசிப் பக்கவாட்டில் துணுக்குகளைத் தெறிக்கும். பக்கத்தில் நிற்பவர் முகத்தில் படக்கூடும். லேசர் கருவி இதைக் கண்டுபிடித்துக் கொடுத்தால், அதற்குக் கொடுத்த விலை அதிலேயே வந்துவிட்டது.

வெளிச்சம் வேறு, குண்டு வேறு

இப்போது முக்கியமான இடத்துக்கு வருவோம். லேசர் நேர். அறைகளும் நேர். சுவரில் புள்ளி நிற்கிறது. முன்குறியையும் பின்குறியையும் அந்தப் புள்ளியோடு ஒன்றாகச் சேர்த்துவிட்டால் வேலை முடிந்ததா?

முடியவில்லை. அப்படிச் செய்த ரிவால்வர் பெரும்பாலும் இலக்குக்கு மேலேதான் சுடும்.

காரணம் உதைப்பு. ரிவால்வரின் குழல் கைப்பிடிக்கு வெகு மேலே இருக்கிறது. வெடித்தவுடன் துப்பாக்கி பின்னால் உதைக்கும்போது மணிக்கட்டைச் சுற்றி முனை மேலே தூக்கும். குண்டு வெளியே போன பிறகுதானே தூக்குகிறது என்று நினைப்போம். அப்படி இல்லை. 10 சென்டிமீட்டர் நீளக் குழலைக் கடக்கக் குண்டுக்கு ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு பங்கு விநாடி ஆகிறது. அந்த நேரத்துக்குள்ளேயே முனை சிறிது உயர்ந்துவிடுகிறது. சிறிது என்றாலும், முன்பு பார்த்த நூறு மடங்குக் கணக்கை மறக்க வேண்டாம்.

செய்கிறவர்களுக்கு இது தெரியும். அதனால்தான் முன்குறியைப் பின்குறியைவிட உயரமாக வைக்கிறார்கள். குறி பார்த்துப் பிடித்தால் குழல் உண்மையில் இலக்குக்குச் சற்றுக் கீழே நோக்கியிருக்கும். உதைப்பு அதை மேலே கொண்டுவந்து சரி செய்துவிடும். ஆக, ஒழுங்காகச் சுடும் ரிவால்வரில் லேசர் புள்ளி குறிக்குக் கீழே தெரிவதுதான் இயல்பு. அதைப் பிழை என்று எண்ணித் திருத்துகிறவர் நல்ல துப்பாக்கியைக் கெடுக்கிறார்.

இன்னொரு வேடிக்கை. கனமான, மெதுவான குண்டு கீழே விழும் என்றுதானே எண்ணுவோம்? ரிவால்வரில், கிட்டத்து இலக்கில், அதுதான் மேலே போகும். குழலுக்குள் அதிக நேரம் இருப்பதால் உதைப்பு அதை அதிகமாகத் தூக்கிவிடுகிறது. அதே துப்பாக்கி, அதே குறி, தோட்டா மாறினால் இடம் மாறும்.

இதற்கு எதிர்த்திசையில் பூமி இழுக்கிறது. .32 குண்டு விநாடிக்கு ஏறக்குறைய 200 மீட்டர் வேகத்தில் போகிறது என்று வைத்துக்கொண்டால், 15 மீட்டர் போவதற்குள் சுமார் 3 சென்டிமீட்டர் இறங்கும். 25 மீட்டரில் சுமார் 8 சென்டிமீட்டர். லேசருக்கு எடையும் இல்லை, உதைப்பும் இல்லை, இறக்கமும் இல்லை. அது குழல் எங்கே பார்க்கிறது என்று சொல்லும். குண்டு எங்கே போகும் என்று சொல்லாது.

பிடிக்கிற கையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இறுக்கிப் பிடிப்பவருக்கும் தளர்த்திப் பிடிப்பவருக்கும் உதைப்பு ஒன்றாக இருக்காது. தகப்பனாருக்குச் சரியாக அமைந்த குறி மகனுக்கு அமையும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

துப்பாக்கியின்மேல் எழுதியிருப்பதும் அப்படியே. 1914 ஆகஸ்ட் 26ல் கல்கத்தாவில் ரோடா கம்பெனிக்கு வந்த சரக்கிலிருந்து 50 மவுசர் பிஸ்டல்களையும் 46,000 தோட்டாக்களையும் புரட்சிக்காரர்கள் கடத்திக்கொண்டு போனது சரித்திரப் பிரசித்தம். அந்த மவுசர் வகையில் பல மாதிரிகளில் பின்குறியில் 1000 மீட்டர் வரை எண் பொறித்திருக்கும். கையில் பிடித்துச் சுடும் பிஸ்டலால் 1000 மீட்டரில் ஒரு ஆளை அடிப்பது நடக்கிற காரியமா? எண் பொறிப்பது சுலபம். சுட்டுப் பார்த்தால்தான் தெரியும்.

அப்படியானால் லேசர் எதற்கு?

மூன்று காரியத்துக்கு அது நல்ல துணை. முதலாவது, இடம் வலம் பார்க்க. உதைப்பு பெரும்பாலும் மேல்நோக்கியே இருப்பதால், புள்ளி பக்கவாட்டில் வெகுவாக விலகியிருந்தால் முன்குறி வளைந்திருக்கிறது அல்லது குழல் சற்றுத் திரும்பியிருக்கிறது என்று சந்தேகப்படலாம். இரண்டாவது, முன்பு சொன்ன ஆறு அறைச் சோதனை. மூன்றாவதுதான் பலருக்கும் தெரியாதது. அது நினைவுக் குறிப்பு.

முறை இதுதான். முதலில் அனுமதி பெற்ற சுடுதளத்தில், மேஜைமேல் மணல் மூட்டையில் கையைச் சார்த்தி, வழக்கமாகப் பயன்படுத்தும் அதே தோட்டாவால் 10 அல்லது 15 மீட்டரில் ஐந்து குண்டு சுட வேண்டும். ஒரு குண்டைப் பார்த்து முடிவு கட்டக் கூடாது. ஐந்தின் நடுவைப் பார்க்க வேண்டும். திருகு உள்ள துப்பாக்கி என்றால், குண்டு எந்தப் பக்கம் போக வேண்டுமோ அந்தப் பக்கம் பின்குறியை நகர்த்த வேண்டும். முன்குறிக்கு இது நேர் எதிர். முன்குறியைத் தாழ்த்தினால் குண்டு உயரும். மறுபடி ஐந்து குண்டு. இப்படி இரண்டு மூன்று சுற்றில் குறி அமைந்துவிடும்.

அமைந்த பிறகு லேசரைப் போடுங்கள். 7 மீட்டரில் ஒரு அட்டையை வைத்து, குறியை அட்டையின் நடுவில் நிறுத்தி, சிவப்புப் புள்ளி எங்கே விழுகிறது என்று பேனாவால் குறியுங்கள். தேதியையும் தோட்டா வகையையும் எழுதி, அட்டையைப் பத்திரமாக வையுங்கள். பிறகு எப்போதாவது துப்பாக்கி கீழே விழுந்தால், அல்லது தேர்தல் சமயத்தில் போலீஸ் நிலையத்தில் ஒப்படைத்துத் திரும்பி வந்தால், அதே தூரத்தில் அதே அட்டையை வைத்துப் பாருங்கள். புள்ளி பழைய இடத்தில் விழுந்தால் குறி அசையவில்லை. மாறியிருந்தால் மறுபடி சுடுதளத்துக்குப் போக வேண்டும். சுட்டுக் கண்ட உண்மையை லேசர் நினைவில் வைத்துக்கொள்கிறது. சுடாமலே உண்மையைக் கண்டுபிடித்துத் தராது.

அரத்தை எடுக்காதீர்கள்

நிலையான குறி உள்ள ரிவால்வரில் முன்குறியை அராவித்தான் உயரத்தைக் குறைக்க முடியும். அராவி எடுத்ததை மீண்டும் ஒட்ட முடியாது. அரை மில்லிமீட்டர் அதிகம் போனால் 15 மீட்டரில் 5 சென்டிமீட்டர். இதைவிடப் பெரிய விஷயம், 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின்படி துப்பாக்கியைப் பழுதுபார்க்கும் தொழிலுக்கே தனி லைசென்ஸ் வேண்டும். வீட்டில் வைத்துத் தட்டவோ, தெரிந்த லேத் பட்டறைக்காரரிடம் கொடுக்கவோ கூடாது. கல்கத்தா நகரில் லைசென்ஸ் சம்பந்தமாக எதுவானாலும் லால்பஜார் போலீஸ் தலைமையகத்தில் விசாரித்துக்கொள்ளலாம். லைசென்ஸ் பெற்ற பழைய துப்பாக்கிக் கடைகள் இந்த ஊரில் இன்னும் இருக்கின்றன.

தகப்பனார் காலமாகிவிட்டால் அவருடைய ரிவால்வரும் லைசென்ஸும் தானாக மகனுக்கு வந்துவிடாது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். போலீஸ் நிலையத்திலோ லைசென்ஸ் பெற்ற வியாபாரியிடமோ ஒப்படைத்துவிட்டு, தம் பெயரில் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும். 2019ல் வந்த திருத்தத்தின்படி ஒருவர் இரண்டு துப்பாக்கிகளுக்கு மேல் வைத்திருக்கவும் முடியாது.

லேசரைப் போடும் முன்பு மூன்று எச்சரிக்கை. உருளையைத் திறந்து ஆறு அறைகளும் காலி என்று கண்ணாலும் விரலாலும் பாருங்கள்; தோட்டாக்களை வேறு அறையில் வையுங்கள். புள்ளியை யார் கண்ணிலும் அடிக்காதீர்கள், கண்ணாடி பீரோவுக்கு எதிரே செய்யாதீர்கள். மிக முக்கியமாக, வேலை முடிந்தவுடன் கருவியை வெளியே எடுத்துவிட்டீர்களா என்று இரண்டு தடவை பாருங்கள். குழல் வாயில் செருகும் வகையை மறந்துவிட்டுச் சுட்டால் குழல் வெடித்துவிடும்.

பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை

லேசரால் உண்மையான லாபம் அடைபவர்கள் விளையாட்டுக்காகச் சுடும் நம் பிள்ளைகள்தாம். ஒலிம்பிக் மாடர்ன் பென்டத்லானில் 2012 லண்டன் போட்டியிலிருந்து குண்டே இல்லாமல் லேசர் பிஸ்டலால்தான் சுடுகிறார்கள். துப்பாக்கி வீரர்கள் பயிற்சிக்காகக் குழலில் ஒரு சிறு ஒளிக்கருவியை மாட்டிக்கொண்டு, வீட்டுச் சுவரில் உள்ள இலக்கைப் பார்த்துக் குண்டில்லாமல் விசையை அழுத்துகிறார்கள். கை எப்படி நடுங்குகிறது, விசை இழுக்கும் கணத்தில் முனை எந்தப் பக்கம் ஓடுகிறது என்று கம்ப்யூட்டர் திரையில் கோடு போட்டுக் காட்டிவிடும். உதைப்பே இல்லாத இந்தப் பயிற்சியில் லேசர் பொய் சொல்ல இடமில்லை.

10 மீட்டர் ஏர் ரைபிள் இலக்கில் பத்து என்ற புள்ளியின் குறுக்களவு அரை மில்லிமீட்டர்தான். அதைக் குறிபார்த்து 2019ல் ரியோ உலகக் கோப்பையில் தங்கம் வாங்கிய இளவேனில் வாலறிவன் கடலூரில் பிறந்து, அகமதாபாத்தில் வளர்ந்தவர். நம்மைப்போலவே பிழைப்புக்காக வடக்கே போன குடும்பத்துப் பெண். நம் கல்கத்தாவின் ஜாய்தீப் கர்மாகர் 2012 லண்டன் ஒலிம்பிக்கில் 50 மீட்டர் ரைபிள் படுத்துச் சுடும் போட்டியில் நாலாம் இடம் பெற்றார். ஒரு மயிரிழையில் பதக்கம் போயிற்று. இவர்கள் எல்லாரும் ஆயிரக்கணக்கில் சுட்டுச் சுட்டுத்தான் தங்கள் குறியைக் கண்டார்கள்.

ஆகவே வீட்டில் பழைய ரிவால்வர் இருப்பவர்கள் இந்த வருஷத் தோட்டாக் கணக்கில் ஒரு பத்துப் பதினைந்தைச் சுடுதளத்துக்கென்று ஒதுக்கிவையுங்கள். அந்தச் செலவு வீணில்லை. இஷாப்பூரிலும் காசிப்பூரிலும் வேலை பார்த்து ஓய்வு பெற்ற அன்பர்கள் நம் சங்கத்தில் இருந்தால், குழலையும் குறியையும் ஒத்துப்போக வைத்த தங்கள் அனுபவங்களை எழுதி அனுப்பலாம். ஆற்காட்டு மொஹ்சின் உசேனுக்குப் பிறகு இந்த ஊரில் அந்த வேலையைச் செய்த நம்மவர்கள் எத்தனை பேர் என்று தெரிந்துகொள்ள மற்ற வாசகர்களுக்கும் ஆசை இருக்கும்.